சேத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாத்துப் பேர்வழி

பாம்பில் எத்தனை வகை, பல்லியில் எத்தனை வகை என்று எண்ணிச் சொல்ல நாட்டில் ஆள் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பிறந்து, வளர்ந்து, செழித்துப் பெருகிக்கொண்டிருக்கும் ஒரு மனித இனத்தைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை இன்றைக்கு நான் தீர்த்துவைக்கிறேன். அந்த இனத்துக்குப் பாத்துப் பேர்வழி என்று பெயர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் நாற்காலியில் உட்காரப் போவீர்கள், "பாத்து" என்பார். எழுந்திருப்பீர்கள்; அதற்கும் "பாத்து" என்பார். "சுடும், பாத்துக் குடிங்க" என்று அவர் நீட்டுகிற டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். வில்லியனூர்த் தேரோட்டத்தில் வடம் இழுக்கிற அத்தனை ஜனத்துக்கும், தேருக்கும், தேரின் மேலே உட்கார்ந்திருக்கிற சாமிக்கும் சேர்த்து, ஓரமாக நின்று "பாத்து, பாத்து, திரும்புது பாத்து" என்று குரல் கொடுக்கிறாரே, அவர் யார்? பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துச் செருப்பைத் தேய்ப்பவர் யார்? கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவரை நிறுத்தி, "பாத்துப் போப்பா, கொட்டிடப் போற" என்று தோளைத் தட்டி, அந்தத் தட்டிலேயே கொட்டவைப்பவர் யார்? அவரேதான்.

இவருடைய வேதாந்தம் ரொம்ப எளிமையானது. உலகம் வழுக்கும். மனுஷன் விழுவான். இரண்டுக்கும் நடுவில் தன்னுடைய அந்த ஒற்றைச் சொல்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. யாராவது விழுந்தால், "நான் அப்பவே சொன்னேன்." விழாவிட்டால், "நான் சொன்னதால வுழல." எப்படிப் போட்டாலும் பூவா தலையா இரண்டும் அவருக்கே. இவ்வளவு வசதியான கொள்கையை யாராவது கைவிடுவார்களா?

இந்த இனத்தின் சுத்தமான ஒரு மாதிரியை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், நான் சகாயராணியைத்தான் காட்டுவேன். பாகூர்ப் பக்கத்துக்காரர். கணவர் செங்கல் சூளையில் கணக்கப்பிள்ளை. ஒரே பையன் பெலிக்ஸ், பிறந்த நாள் முதல் "பாத்து" என்ற சொல்லைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தும் கணுக்காலுக்கு மேலே அவனைக் கடல் நனைத்ததில்லை. நல்லவாட்டு மீனவப் பையன்கள் அலையில் குட்டிக்கரணம் போட்டபோது இவன் கரையில் அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தான். பையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். என்ன வேலை? பாதுகாப்பு ஆபீசர். குலத்தொழில் வீண்போகவில்லை பாருங்கள்.

பையன் ஓசூருக்குப் போனதும் சகாயராணிக்குச் சிக்கல் வந்தது. உள்ளே "பாத்து" ஊறிக்கொண்டே இருக்கிறது; வெளியே விட ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குச் சொல்லிப் பார்த்தார். காற்றடிக்கும்போது கொடியில் ஆடுகிற துணிக்குச் சொன்னார். ஒருநாள் டிவியில் கயிற்றின் மேல் நடந்த ஆளுக்குச் சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் "பாத்தியா, கேட்டுக்கினாரு" என்று கணவரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். இந்த நேரத்தில்தான் ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது: பூரணாங்குப்பத்துக்குப் போகிற வழியில் தோப்புக்குள்ளே ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்திருக்கிறார்கள், காலையில் மட்டும் உதவிக்கு ஒரு ஆள் வேண்டுமாம். சின்னக் குழந்தைகள்! அதுவும் ஓடுகிற, ஏறுகிற, குதிக்கிற குழந்தைகள்! கரும்பு தின்னக் கூலியும் கொடுக்கிறார்கள் என்றால் யார்தான் விடுவார்கள்? சகாயராணி அன்றைக்கே போய் வேலையில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காப்பகத்தின் வாசலில் 'தும்பி' என்று பலகை மாட்டியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; சேத்துப் பள்ளிக்கூடம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். சுவர் கிடையாது, பெஞ்சு கிடையாது, ஏ ஃபார் ஆப்பிள் கிடையாது. தென்னையும் மாமரமும் வாய்க்காலும், நடுவில் பெருமையாகப் பராமரிக்கப்படும் ஒரு சேற்றுக்குழியும்தான் பள்ளிக்கூடம். மண்ணில் இட்லி சுடுவது, மரவட்டையைப் பின்தொடர்வது, மரத்தில் ஏறுவது, இறங்கத் தெரியாமல் யோசிப்பது, இவைதான் பாடங்கள். என் தங்கை மகன் தணிகைவேல் அங்கேதான் படிக்கிறான், அல்லது அங்கேதான் புரள்கிறான். மத்தியானம் அவனைக் கூட்டிவரப் போகிறவன் நான் என்பதால், இனிச் சொல்லப்போவதெல்லாம் மூங்கில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என் கண்ணால் பார்த்ததும், தணிகைவேல் நடித்துக் காட்டியதும், சகாயராணியே பிறகு சொன்னதும்தான்.

தும்பியை நடத்துகிறவர் ஜெயசித்ரா. தோப்பு அவருடைய அப்பாவுடையது. பெங்களூரில் போய்க் குழந்தை வளர்ப்பு படித்துவிட்டு வந்தவர், குரலை உயர்த்தாதவர், குழந்தைகளைக் குழந்தைகள் என்று சொல்லாமல் 'சின்ன மனிதர்கள்' என்று சொல்பவர். முதல் நாளே சகாயராணியை மாமரத்தடியில் உட்கார வைத்து விளக்கினார்.

"அக்கா, இங்க ஒரே ஒரு வார்த்தைய மட்டும் சொல்லக் கூடாது."

"ஐயோ மேடம், நான் கெட்ட வார்த்தையே பேச மாட்டேன்."

"கெட்ட வார்த்தை இல்லக்கா. 'பாத்து'. அந்த வார்த்தை."

சோறு ஆக்கலாம், அரிசி மட்டும் போடக் கூடாது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது சகாயராணிக்கு.

"பின்ன, புள்ளைங்க வுழுந்துட்டா இன்னா மேடம் பண்றது?"

"விழுந்தா எழுந்துக்கும்."

ஜெயசித்ராவின் கொள்கை இது: ஏறுகிற குழந்தைக்குத் தன் கால் தெரியும், கை தெரியும். கீழே இருந்து ஒருத்தர் "பாத்து" என்று கத்தினால் அது காலை மறந்துவிட்டுக் கத்தியவரைத் திரும்பிப் பார்க்கும், அப்போதுதான் விழும். ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கலாம், விழுந்தால் தாங்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. "ஏதாவது சொல்லியே ஆகணும்னு இருந்தா, 'உன் கால் இப்ப எங்க இருக்கு?'னு மெதுவா கேளுங்க. போதும்" என்றார். சகாயராணி "சரிங்க மேடம்" என்றார். "மேடம்னு சொல்லாதீங்கக்கா, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றார் அவர். "சரிங்க மேடம்" என்றார் இவர்.

மறுநாள் தன் விசுவாசத்தைக் காட்ட விடியற்காலையிலேயே விளக்குமாற்றோடு வந்தவர், தோப்பிலிருந்த காய்ந்த சருகையெல்லாம் ஒன்று விடாமல் கூட்டி, அள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். அதோடு நிற்கவில்லை, கொசு வருமே என்று சேற்றுக்குழியின் தண்ணீரைப் பிளாஸ்டிக் சொம்பால் மொண்டு மொண்டு தென்னைக்கு ஊற்றி, குழியைத் துடைத்து வைத்தார். பத்துமணிக்கு வந்த சின்ன மனிதர்கள் வழித்தெடுத்த சட்டி மாதிரி கிடந்த தோப்பைப் பார்த்து ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். பாடத்திட்டத்தையே கூட்டித் தள்ளிவிட்ட உதவியாளர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஜெயசித்ரா குரலை உயர்த்தவில்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, சருகைத் திரும்ப அள்ளிவந்து கொட்டவைத்தார். சகாயராணி தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிச் சேறு குழைத்தார்.

சருகைத் திருப்பிக் கொட்டலாம். நாக்கில் ஊறியதை என்ன செய்ய? குழந்தைகள் ஏறத் தொடங்கினதும் சகாயராணிக்குத் தொண்டையில் அந்தச் சொல் வந்து நிற்கும். அதை விழுங்குவார். விழுங்கியது வேறு வழியாக வரும். முதலில் இருமலாக வந்தது. பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று குக்கர் விசிலுக்கு முந்தின சத்தமாக வந்தது. அதற்கும் தடை விழுந்ததும் "மாதாவே!" என்று வந்தது.

"மேடம், மாதா பேரச் சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லுங்கக்கா. ஆனா அந்த ராகத்துல சொல்லக் கூடாது."

கால் எங்கே இருக்கிறது என்று கேட்கும் முறையையும் சோதித்துப் பார்த்தார். தணிகைவேல் மாமரத்தின் முதல் கிளையில் கால் வைத்திருந்தான். சகாயராணி அடியில் நின்று, மெதுவாகத்தான், ஆரம்பித்தார்: "கண்ணு, உன் கால் இப்ப எங்க இருக்கு? ஐயோ, அது எங்க இருக்கு? அது அங்க இருக்கக் கூடாதேடா! எடு, எடுத்துடு, ஐயோ எடுத்துடாத!" தணிகைவேல் கிளையைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் தோப்பே குலுங்கியது. அடுத்த வாரம் குழந்தைகளிடையே 'ராணிக்கா விளையாட்டு' என்று ஒன்று பிறந்தது. ஒருவன் மரத்தில் ஏறுவான். இன்னொருவன் கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் ஓடி, இருமி, ஸ்ஸ்ஸ் என்று சொல்லி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான். யார் ராணிக்காவாக இருப்பது என்பதில் தினமும் அடிதடி.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கை இல்லாத ஒரு விஷயமும் இருந்தது. அதன் பெயர் வெண்ணிலா.

வெண்ணிலா மணப்பட்டிலிருந்து வருகிற நாலு வயதுக் குழந்தை. அப்பா கலைவேந்தன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். பேச மாட்டாள், ஏற மாட்டாள், இறங்க மாட்டாள்; காலையில் வந்ததும் சகாயராணியின் முந்தானை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால், மத்தியானம் அப்பா வந்த பிறகுதான் விடுவாள். சகாயராணிக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? முந்தானையில் அந்தச் சின்ன இழுப்பு இருக்கிற வரைக்கும் அவருக்கு உலகத்தில் எந்தக் குறையும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சேலையை மடிக்கும்போது நுனியில் ஐந்து விரல் சேற்றுக்கறை இருக்கும். அதை அவர் சீக்கிரத்தில் துவைக்க மாட்டாராம். பெலிக்ஸ் போன பிறகு காலியாகக் கிடந்த இடத்தில் அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

தோப்பில் புயலில் சாய்ந்த தென்னை ஒன்று உண்டு. வேர் பிடியை விடவில்லை, மரம் செத்தும் போகவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பி, கடைசியில் பெரியவர்களின் இடுப்பளவு உயரத்துக்குப் போய், அங்கிருந்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். அதன்மேல் நடந்துபோய், அது நிமிரும் இடத்தைக் கட்டிப்பிடித்துவிட்டால் அந்தக் குழந்தை பெரிய ஆள். அடியில் முழங்கால் அளவுக்குச் சருகு. விழுந்தால் வலிக்காது, சிரிப்புதான் வரும். மற்ற எல்லாரும் நடந்துவிட்டார்கள். வெண்ணிலா தினமும் அந்தத் தென்னையின் அடியில் ஒரு காலை வைப்பாள், திரும்பிச் சகாயராணியின் முகத்தைப் பார்ப்பாள், காலை எடுத்துவிடுவாள். ஜெயசித்ரா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு திங்கட்கிழமை சகாயராணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தப் பாப்பா மரத்தப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாக்குது."

சகாயராணி முந்தானை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இந்த வாரமும் இப்படியே இருந்தா நீங்க சமையக்கட்டோட நின்னுக்கோங்க. தோப்புல வேற ஆளப் பாத்துக்கறேன்."

சமையக்கட்டு தோப்பின் அந்தக் கோடியில் ஓலைக்கொட்டகையில் இருக்கிறது. சம்பளம் அதேதான், வேலை குறைச்சல்தான். ஆனால் அங்கே முந்தானையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு ராத்திரி அவர் ஓசூருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். பாதுகாப்பு ஆபீசரான மகன் வேறென்ன சொல்வான்? "அம்மா, ரொம்ப யோசிக்காத. படியில பாத்து நட" என்றானாம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பழகினார். கண்ணாடி முன்னால் நின்று பழகினார். ஆனால் சின்ன மனிதர்களை ஏமாற்ற முடியுமா? புருவம் அசையவில்லை என்றால் மூக்கைப் பார்க்கிறார்கள். மூக்கு அசையவில்லை என்றால் கழுத்து நரம்பைப் பார்க்கிறார்கள். வியாழனும் போயிற்று. வெண்ணிலா ஒரு காலை வைத்தாள், முகத்தைப் பார்த்தாள், எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தும்பியில் பிடிகொழுக்கட்டை. சமையல்காரத் தையலம்மாள் வெல்லம் போட்டு, தேங்காய்ப்பல் போட்டு, கை நிறையப் பெரிது பெரிதாய்ப் பிடிப்பார். நான் கூட்டிப்போக வந்து வேலியோரம் நிற்கும்போது குழந்தைகள் தின்று முடித்திருந்தார்கள். வெண்ணிலாவின் அப்பா கலைவேந்தனும் வந்திருந்தார். எங்கள் கூடவே இன்னும் சில அம்மாக்கள். சகாயராணியின் தட்டில் மட்டும் இரண்டு கொழுக்கட்டைகள் தொடாமல் இருந்தன.

வெண்ணிலா முந்தானையை விட்டாள். தென்னையின் பக்கம் நடந்தாள். ஒரு காலை வைத்தாள்.

சகாயராணிக்குத் தொண்டையில் அது வந்துவிட்டது. இருமலுக்கும் தடை, மாதாவுக்கும் தடை, முகத்துக்கும் தடை. நம் ஊரில் பேசாமல் நிற்கிற ஆளைப் பார்த்து என்ன கேட்போம்? "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்போம் இல்லையா? அந்தப் பழமொழிக்குப் பிறந்த நாள் முதல் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது. சகாயராணி ஒரு கொழுக்கட்டையை எடுத்து முழுசாக வாயில் அடைத்தார். போதவில்லை என்று தோன்றியிருக்கும் போல, இன்னொன்றையும் அடைத்தார்.

வெண்ணிலா வழக்கம்போலத் திரும்பி முகத்தைப் பார்த்தாள். அங்கே முகமே இல்லை. இரண்டு பக்கமும் உப்பிய கன்னம் இருந்தது. நடுவில் பிதுங்கிய கண் இருந்தது. பயம் இருந்ததோ என்னவோ, கொழுக்கட்டைக்குப் பின்னால் அது எங்கே தெரியப் போகிறது? வெண்ணிலா பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள், பிறகு கீக் கீக் என்று சிரித்தாள். அவள் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த காலையும் மரத்தில் வைத்தாள்.

நடந்தாள். தோப்பில் காக்காய் கூடக் கத்தவில்லை. வேலியோரம் கலைவேந்தன் மூங்கிலைப் பிடித்த பிடியில் அது நெரிந்தது. ஒரு அம்மா வாயைப் புடவையால் மூடிக்கொண்டார். ஜெயசித்ராவின் கை தன் துப்பட்டாவைப் பிசைந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். மரம் மேலே எழும்ப எழும்ப, பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தாள். நடுவில் மரம் கொஞ்சம் ஒல்லியாகிற இடம். அங்கே ஒரு காலைத் தூக்கினாள். உடம்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம்.

காலை வைத்தாள். நின்றாள். போய்த் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இந்த நேரமெல்லாம் சகாயராணி என்ன செய்துகொண்டிருந்தார்? விதிப்படி கைக்கெட்டும் தூரத்தில், மரத்தோடு மரமாக, கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார். பிள்ளை கட்டிப்பிடித்ததும் கண்ணில் தண்ணீர் நிறைந்து, இரண்டு கையையும் முகத்தையும் வானத்துக்குத் தூக்கி, பரவசத்தில் அப்படியே பின்னால் போனார். பின்னால் என்ன இருக்கிறது? அவர் கையாலேயே குழைத்த சேற்றுக்குழி இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. உயரத்தில் நின்ற ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அதுவரை தோப்பில் ஒரு வார்த்தை பேசாத வெண்ணிலா, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ராணிக்கா! பாத்து!"

கேட்டதும் சகாயராணி என்ன செய்தார்? காலை மறந்துவிட்டுக் கத்தியவளைத் திரும்பிப் பார்த்தார். விழுந்தார். ஜெயசித்ராவின் கொள்கை அவ்வளவு சுத்தமாக எந்தப் பெங்களூரிலும் நிரூபணமாகியிருக்காது. தொப்பென்று சேறு நாலு பக்கமும் தெறித்தது. வாயிலிருந்த கொழுக்கட்டையில் ஒன்று பறந்துபோய்க் கலைவேந்தனின் சட்டைப் பொத்தானில் ஒட்டிக்கொண்டது. பிறகு சேற்றுக்குள்ளிருந்து சகாயராணி சிரித்தார். வெண்ணிலா தென்னையிலிருந்து சருகில் குதித்து, ஓடிவந்து, நேராகக் குழிக்குள்ளே பாய்ந்தாள். அவள் பின்னால் தணிகைவேல், அவன் பின்னால் எல்லாச் சின்ன மனிதர்களும்.

ஜெயசித்ரா குழியின் ஓரத்தில் வந்து நின்றார். சிரிப்பை அடக்க அவருக்கும் அன்றைக்கு ஒரு கொழுக்கட்டை தேவைப்பட்டது.

"நான் சொல்லல மேடம்" என்றார் சகாயராணி, மூக்கு நுனியில் சேறு வழிய. "சத்தியமா நான் அந்த வார்த்தைய சொல்லவே இல்ல."

"தெரியும்க்கா. திங்கட்கிழமை எப்பவும்போலத் தோப்புக்கே வந்துடுங்க" என்றார் ஜெயசித்ரா. "எழுந்து வாங்க." எழுந்து வருகிற ஆளுக்குக் கை கொடுக்கக் குனிந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார். என்ன வார்த்தை அது? நான் யூகித்துவிட்டேன். நீங்களும்தான்.

இப்போது தும்பியில் நிலைமை கொஞ்சம் மோசம். சகாயராணி வாயைத் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளுக்கு வேர்க்கடலை மடித்துக்கொண்டு வருகிறார். ஆனால் வெண்ணிலா பேசத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு முதலில் வந்த வார்த்தை எது என்று உங்களுக்குத் தெரியும். ராணிக்கா வாய்க்காலைத் தாண்டினால், "பாத்து." ராணிக்கா சட்டி இறக்கினால், "பாத்து." மற்ற குழந்தைகளும் பிடித்துக்கொண்டார்கள். தோப்பு முழுக்க ஒரே "பாத்து." நம் இனம் அழிந்துபோகுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம், இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாராளமாக இருப்பு இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மரம் ஒல்லியான இடத்தில் ஒரு காலைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தபோது, உங்கள் உதடு ஒருமுறை அசைந்ததே, அது எதற்கு? பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். இடுப்பளவு உயரம்தான் என்று சொல்லியிருந்தேன். அடியில் முழங்கால் அளவு சருகு என்றும் சொல்லியிருந்தேன். அப்படியும் அசைந்தது.

போகட்டும், விடுங்கள். ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள், கால் மரத்துப்போயிருக்கும். சட்டென்று எழுந்திருக்காதீர்கள். மெதுவாக ஒரு கையை ஊன்றி எழுந்திருங்கள்.

பாத்து.